சிலுப்பாத கடா

பங்குனி பிறந்ததிலிருந்து மாதம்மாளுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும் போலிருந்தது, எழுந்தால் பட்டிக்குப் போக வேண்டும் போலிருந்தது. பட்டிக்குப் போனால் அங்கே ஆடுகள் நேற்றைவிட இன்னும் கொஞ்சம் கேவலமாக நின்றுகொண்டிருந்தன. கழுத்தில் ஒரு கொத்து, வயிற்றில் ஒரு கொத்து என்று செம்பட்டை முடி தொங்கியது. முதுகில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிந்தது. ஏழு பெட்டைகளும் ஒரு கடாவும் சேர்ந்து வேலி முள்ளில் உரசி உரசி, அந்த வேலிக்கே தாடி முளைத்த மாதிரி செய்துவைத்திருந்தன.

ஆலேப்பள்ளிக்கு இது போதாதா? ரெண்டாவது எலெக்ஷன் முடிந்து, சுவரில் ஒட்டின காகிதம்கூட இன்னும் கிழியாத சமயம். பேசுவதற்கு விஷயம் தீர்ந்துபோய் ஊரே வாயை மூடிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தது.

அவள் இந்த ஆடுகளை வாங்கின நாளிலிருந்தே ஊருக்கு அவள்மேல் ஒரு கண். குருபரப்பள்ளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற அந்தப் பக்கத்து ஊர்களில் ஆடு என்றால் குறும்பாடுதான். கறுகறுவென்று கம்பளி முளைக்கும்; வருஷத்துக்கு ரெண்டு தரம் கத்தரிக்க வேண்டும். கத்தரிப்பதற்குத் திம்மப்பன் தன் ஆட்களோடு வர வேண்டும். திம்மப்பன் நல்லவன்தான், ஆனால் நூறு ஆடு இருக்கிற வீட்டுக்கு முதலில் போவான், ஆறு ஆடு இருக்கிற வீட்டுக்குக் கடைசியில் வருவான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மாதம்மாள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நனைந்த கம்பளிக்குள் ஈ முட்டையிட்டு, புழு வைத்து, ரெண்டு ஆடு அவள் மடியிலேயே செத்தன. அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போக அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கத்தரிக்கோலுக்குக் காத்துக்கிடக்கிற பிழைப்பே வேண்டாம் என்று அன்றைக்குத் தீர்மானித்தாள். புருஷன் முனிவேல் பெங்களூரில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். ரெண்டு அமாவாசைக்கு ஒரு தரம் வருவான். அவனைக் கேட்டதற்கு, "ஆடு வளக்கறது நீ, என்னை எதுக்குக் கேக்கற?" என்று தூங்கப் போய்விட்டான். அவள் மிச்சமிருந்த குறும்பாடுகளை விற்றாள், பஸ் ஏறினாள், மேச்சேரிச் சந்தையில் போய் இறங்கினாள். கொம்பில்லாத செவலை ஆடுகளாக எட்டு பொறுக்கி எடுத்து, நாலு நாள் நடத்தியே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கால் ரெண்டும் வீங்கிப்போயிருந்தது, முகம் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

விற்றவன் சந்தையிலேயே சொல்லித்தான் கொடுத்தான். "கத்தரிக்கோலைக் கண்ணுல காட்ட வேண்டாம் தாயி. குளுருக்குக் கொஞ்சம் முடி வெக்கும், வெயில் வந்தா அதுவே உதுத்துக்கும். நீ ஒண்ணும் பண்ணாத, சும்மா பாத்துக்கினு இரு, போதும்."

சும்மா பார்த்துக்கொண்டு இருப்பது! மாதம்மாளால் முடியாத காரியம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அதுதான். போன வருஷம் ஆடுகள் வந்ததே வெயில் காலத்தில், ஒன்றும் தெரியவில்லை. இந்த மார்கழிக் குளிரில்தான் அவை மேச்சேரியில் கண்டிராத குளிரைக் கண்டு, மேச்சேரியில் வைக்காத முடியை வைத்தன. இப்போது அத்தனையும் ஒரே மூச்சில் உதிர்ந்தது. அவளுக்கு விஷயம் தெரியும், ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. தெரியாத ஊர் என்ன நினைக்கும்?

ஊர் நினைத்ததை முதலில் வந்து சொன்னவள் லட்சுமியம்மாள், ஊர்க்கவுண்டர் நாராயணப்பனின் சம்சாரம். ஒரு மத்தியானம் கையில் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"இது இன்னான்னு பாரு மாதம்மா."

கிண்ணத்தில் கேப்பைக்களி உருண்டை. உருண்டையிலிருந்து செம்பட்டை மயிர் ஒன்று நீளமாக எட்டிப் பார்த்தது.

"காத்துல வந்திருக்கும் அத்தே" என்றாள் மாதம்மாள்.

"காத்துல வருதாம்! கேணியில மயிரு, காயவெச்ச கேப்பையில மயிரு, நேத்து அவுரு வெத்தலைப் பெட்டியில மயிரு. ஊருல எல்லாரும் சொறின்னு சொல்றாங்க. எங்க கடா ரெண்டு நாளா கல்லுல போயி முதுகைத் தேய்ச்சுக்கினே நிக்குது, தெரியுமா உனக்கு?"

சொறி என்ற சொல் ஆடு வளர்க்கிற ஊரில் வீட்டுக்குள் வைத்துச் சொல்லக்கூடாத சொல். சொறி வந்த பட்டியை ஊர் எல்லைக்குள் வைக்க மாட்டார்கள். நாராயணப்பனிடம் நூற்றிருபது குறும்பாடு. அதில் ஒன்று முதுகைத் தேய்த்தால் ஊரே தன் முதுகைத் தேய்த்துப் பார்க்கும்.

மறுநாள் காலையில் திம்மப்பன் பக்கத்து ஊருக்குப் போகிற வழியில் எதிர்ப்பட்டான். மாதம்மாள் அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவன் உட்கார்ந்து கடாவின் முடியை விரலால் பிரித்துப் பார்த்தான், தோலைக் கிள்ளிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான்.

"சொறி இல்லக்கா. சொறின்னா தோலு தடிச்சு, பொருக்கு கட்டி, நாத்தம் அடிக்கும். இது தோலு கொழந்தை தோலு மாதிரி கீது. அடியில புது முடி வருது பாரு."

"இதை அப்படியே ஊருல சொல்லு திம்மப்பா. உன் வார்த்தைன்னா கேப்பாங்க."

திம்மப்பன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். துடைக்க ஒன்றும் இல்லாத கையை ரொம்ப நேரம் துடைத்தான். "பாக்கலாம்கா" என்றான். அந்த "பாக்கலாம்" மாதம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு அவள் அடுப்பில் வைத்த சோற்றை மறந்து, அது கருகி, ஆட்டுக்கும் உதவாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை கங்கம்மா கோயில் புளியமரத்தடியில் ஊர் கூடியது. நாராயணப்பன் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார்.

"மாமா, கிருஷ்ணகிரியிலேருந்து டாக்டரைக் கூட்டியாந்து காட்டலாம்" என்றாள் மாதம்மாள்.

"அவுரு மாட்டு டாக்டரும்மா."

"ஆட்டையும் பாப்பாரு."

"பாப்பாரு. பாத்துட்டு அவுரு ஊருக்குப் போயிருவாரு. நாளைக்கு நூத்திருவது ஆட்டுக்கும் ஒட்டிக்கிச்சுன்னா அவுரு வந்து அழப்போறாரா?"

கூட்டத்தில் நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மாதம்மாள் திம்மப்பன் பக்கம் திரும்பினாள். "திம்மப்பா, நீ பாத்தியே, சொல்லு."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு இந்த சாதி ஆடு பழக்கமில்லீங்க. இப்பிடின்னும் சொல்ல முடியாது, அப்பிடின்னும் சொல்ல முடியாது" என்றான்.

மாதம்மாளுக்கு அவன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல் இருந்தது. பொய் சொல்கிறான் என்பது மட்டுமில்லை, ஏன் சொல்கிறான் என்பதும் அந்த நிமிஷமே புரிந்துபோயிற்று. கத்தரிக்கவே வேண்டாத ஆடு ஆலேப்பள்ளியில் ஒரு பட்டியில் நின்று நிலைத்துவிட்டால், நாளைக்கு இன்னொரு வீடு வாங்கும், அடுத்த வருஷம் பத்து வீடு வாங்கும். அவன் கத்தரிக்கோலை எங்கே கொண்டுபோய் விற்பது? புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை, கூடத்தான் செய்தது.

பூசாரி கங்கப்பன் எழுந்து நின்றான். ஊரில் யாருக்கும் முடிவு தெரியாத விஷயம் என்றால் அவனுக்கு முகம் மலர்ந்துவிடும். "நாம எதுக்கு மண்டையை ஒடைச்சுக்கணும்? கங்கம்மாகிட்டயே உத்தரவு கேட்டுரலாம். செவ்வாக்கெழமை அந்தக் கடாவைக் கொண்டாந்து நிறுத்தட்டும். மூணு சொம்பு தண்ணி. சிலுப்பிச்சுன்னா அம்மாவுக்குச் சம்மதம், பட்டி ஊருல இருக்கலாம். சிலுப்பலைன்னா அன்னிக்கே எல்லையைத் தாண்டணும்."

அந்த ஊரில் எதற்கும் இதுதான் வழக்கம். மஞ்சள் தண்ணீரை ஆட்டின் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பி உதறினால் அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாணப் பேச்சிலிருந்து கேணி வெட்டுகிற இடம் வரைக்கும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் சிலுப்பின ஆடு திரும்பி வீட்டுக்குப் போகாது. அது அம்மாவுடையது. நின்ற இடத்திலேயே வெட்டிப் பங்கு போட்டுவிடுவார்கள்.

மாதம்மாள் வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் கணக்கு அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. சிலுப்பினால் பெட்டைகள் நிற்கும், கடா போகும். சிலுப்பாவிட்டால் எல்லாமே போகும். கடா போனால் என்ன மிச்சம்? அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கடா கிடையாது. ஏழு பெட்டையில் சினை ரெண்டுதான். மற்றதெல்லாம் நாராயணப்பனின் குறும்பாட்டுக் கடாவோடு சேர்ந்தால் பிறக்கிற குட்டிக்குக் கம்பளி முளைக்கும். கம்பளி முளைத்தால் திம்மப்பன் வருவான், கடைசியில் வருவான், மழை வரும், புழு வரும். நாலு நாள் நடந்த நடை வீணாகப் போகும்.

இது தலையில் ஓடின கணக்கு. நெஞ்சில் ஓடினது வேறு. அந்தக் கடா அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கும், மடியில் தலையை வைத்து முட்டும். மேச்சேரியிலிருந்து வருகிற வழியில் தொப்பூர் மலைப்பாதையில் பெட்டைகளெல்லாம் லாரிச் சத்தத்துக்கு மிரண்டு சிதறினபோது, முன்னால் போய் நின்று அத்தனையையும் திருப்பிக்கொண்டு வந்தது அதுதான். அவளுக்கு அதன்மேல் ஆசை. இதைச் சொல்ல என்ன வெட்கம்?

செவ்வாய்க்கிழமைக்கு நடுவில் மூன்று பகல் இருந்தது. மூன்று பகலும் அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. சிலுப்பும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. முடி உதிர்கிற அரிப்பில் அந்தக் கடா ஈ உட்கார்ந்தால் சிலுப்புகிறது, காற்றடித்தால் சிலுப்புகிறது, அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சிலுப்புகிறது. தண்ணீர் ஊற்றினால் கேட்கவா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். உடம்பெல்லாம் எண்ணெய் தடவிவிட்டால் தண்ணீர் தோலில் படாமல் வழிந்துவிடும், கடா அசையாது, உயிர் பிழைக்கும் என்று ஒரு யோசனை. பட்டி வாசலில் நின்று, அப்புறம் இந்த எட்டையும் ஓட்டிக்கொண்டு எங்கே போவது என்று யோசித்துத் திரும்பிவந்தாள். கிண்ணத்தை வைத்தாள். மறுபடி எடுத்தாள். கங்கம்மாவை ஏமாற்றுகிறோமே என்று பயந்து மறுபடி வைத்தாள். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தக் கிண்ணம் அடுப்படிக்கும் பட்டிக்கும் நடுவே போய்வந்த தூரத்துக்குக் கிருஷ்ணகிரியே போய்ச் சேர்ந்திருக்கலாம். எண்ணெய் என்னவோ ஒரு சொட்டுகூடச் செலவாகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கடாவைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் அது பதினோரு தரம் சிலுப்பியது. ஒவ்வொரு தரமும் செம்பட்டை முடி பறந்தது, ஒவ்வொரு தரமும் அவளுக்கு உயிர் போய் வந்தது. ஓரத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். புளியமரத்தடியில் ஏற்கனவே அருவாளைத் தீட்டி வைத்திருந்தார்கள். ரெண்டு பேர் வாழையிலைகூடக் கொண்டுவந்திருந்தார்கள். சொறி பிடித்த ஆடு என்று மூக்கைப் பொத்துகிறவர்களுக்குக் கறிக்கு மட்டும் இலை வேண்டியிருக்கிறது.

கங்கப்பன் கடாவின் நெற்றியில் குங்குமம் வைத்தான், வேப்பிலையைக் கழுத்தில் சுற்றினான். கடா சிலுப்பியது.

"சிலுப்பிக்கிச்சு!" என்றது கூட்டம்.

"தண்ணி ஊத்தலையே இன்னும். தண்ணி ஊத்தினப்புறம் சிலுப்பறதுதான் செல்லும்" என்றான் கங்கப்பன், கொஞ்சம் எரிச்சலோடு.

முதல் சொம்பு. மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்து, காதோரம் வழிந்து, முதுகு நெடுக ஓடியது. மாதம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தாள். கடா நின்றுகொண்டிருந்தது. பங்குனி வெயிலில், மூன்று வாரமாக அரித்து அரித்துச் செத்துக்கொண்டிருந்த உடம்பில், கேணியிலிருந்து அப்போதுதான் இறைத்த குளிர்ந்த தண்ணீர் இறங்குகிறது. கடாவுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அது பாதிக் கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் என்று கேட்கிற மாதிரி நின்றது.

ரெண்டாவது சொம்பு. கடா பெருமூச்சு விட்டது. தாடை மெதுவாக அசைபோட ஆரம்பித்தது.

"மெதுவா ஊத்துற, வேகமா ஊத்து!" என்று யாரோ கத்தினார்கள். இலை கொண்டுவந்தவராக இருக்கும்.

மூன்றாவது சொம்பைக் கங்கப்பன் உயரத் தூக்கி ஊற்றினான். தண்ணீர் முழுக்க இறங்கித் தரையில் ஓடி, நாராயணப்பனின் செருப்பு வரைக்கும் போயிற்று. கடா தலையைக்கூட ஆட்டவில்லை. மூன்று வாரத்தில் அது அவ்வளவு நிம்மதியாக நின்று மாதம்மாள் பார்த்ததில்லை.

அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குத் தன் மனசு தெரிந்தது. ஊரை விட்டுப் பட்டி போகிறது, போக இடமில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் சந்தோஷத்தில் அவளுக்குக் காலே தரையில் நிற்கவில்லை. கடா பிழைத்தது. இத்தனை நாளும் அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அது சிலுப்பக்கூடாது என்றுதான்.

"அம்மாவுக்குச் சம்மதமில்லை" என்றார் நாராயணப்பன் மெதுவாக. "பொழுது எறங்கறதுக்குள்ள எல்லையைத் தாண்டிரும்மா."

ஆலேப்பள்ளியின் எல்லை ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சவேரியார்மேடு. சின்னதாக ஒரு மாதா கோயில், முப்பது வீடு, மாந்தோப்பு. மாதம்மாள் எட்டு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறி, முதலில் தெரிந்த மாந்தோப்பின் ஓரத்தில் நின்றாள். தோப்புக்காரர் சவரியப்பன் வந்து ஆடுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவள் நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"மாமரத்துக்கு ஆட்டுப் புழுக்கை நல்லதும்மா. ஒவ்வொரு மரத்தடியிலயும் ரெண்டு நாள், ரெண்டு நாள் கட்டிப்போடு, எனக்கு அது போதும்" என்றார் அவர். "முடியைப் பத்திக் கவலைப்படாத. எங்க ஊருல ஆட்டைக் கேள்வி கேக்கற பழக்கமில்லை."

அதற்குப் பிறகு மாதம்மாள் பட்ட பாடு இருக்கிறதே! ஆட்டுக்குத்தான் தடை, அவளுக்கு இல்லை. வீடு இந்தப் பக்கம், ஆடு அந்தப் பக்கம். அடுப்பை மூட்டுவாள், நரி வந்திருக்குமோ என்று ஓடையைத் தாண்டி ஓடுவாள். ஆட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், அடுப்பு அணைந்திருக்குமே என்று திரும்பி ஓடுவாள். வீட்டில் படுத்தால் காது தோப்பில் இருந்தது. தோப்பில் நின்றால் கண் வீட்டுக் கூரையில் இருந்தது. ஓடைக்குள் அவள் கால் பட்டுப் பட்டு ஒரு புதுத் தடமே விழுந்துவிட்டது. சவரியப்பனின் மகள் அருள்மேரி, "அக்கா, நீங்க பாதி நாள் ஓடையிலதான் இருக்கீங்க" என்று சிரித்தாள்.

சித்திரை அமாவாசைக்கு முனிவேல் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் பூட்டு தொங்குகிறது. ஊரில் ஒருத்தரும் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. ஓடைக்கரைக்கு வந்து பார்த்தான். அந்தப் பக்கத்து மாமரத்தடியில் பெண்டாட்டி ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். சினையாக இருந்த ரெண்டும் ஈன்றிருந்தன.

"ஏய் மாதம்மா! நீ எப்ப வேற ஊருக்கு வாக்கப்பட்ட?" என்று இக்கரையிலிருந்தே கூவினான்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் கடாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். பழைய முடியெல்லாம் போயிருந்தது. புது முடி குட்டையாக, அடர்த்தியாக, வெயிலில் தாமிரச் சொம்பு மாதிரி மின்னியது.

"வித்துட்டு என்கூடப் பெங்களூருக்கு வந்துருன்னு சொல்லப்போறீங்க" என்றாள் அவள்.

"சொன்னா வருவியா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குச் சொல்லிக்கினு?" அவன் சட்டையைக் கழற்றி மாங்கிளையில் மாட்டினான். சவரியப்பனிடம் கேட்டு மூங்கில் வாங்கினான். ரெண்டு நாளில் ஆட்டுக்கு ஒரு கொட்டகையும், அதை ஒட்டி ஒருத்தர் படுக்கிற அளவுக்கு ஒரு சாய்ப்பும் போட்டான். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "எனக்கு எங்க எறங்கினாலும் நடக்கற தூரம் ஒண்ணுதான். நீ எங்க இருக்கியோ அங்க வரேன்" என்றான். மில்லுச் சங்குக்குப் பழகின ஆள், அதற்கு மேல் பேசமாட்டான். மாதம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது, கண்ணையும் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவன் போன நாலாம் நாள் சாயங்காலம் மாங்காய் மழை வந்தது. பெரிய மழை இல்லை. புழுதி மணக்கும்படி நாலு சொட்டுப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. முதல் சொட்டு கடாவின் நெற்றியில் விழுந்ததுதான் தாமதம், அது மூக்கிலிருந்து வால் வரைக்கும் அப்படி ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பக்கத்தில் நின்ற மாதம்மாளின் முகமெல்லாம் ஈரம். அவள் சிரித்துவிட்டாள். பிறகு, அன்றைக்கு இப்படிச் சிலுப்பியிருந்தால் என்று யோசித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே ஆலேப்பள்ளியில் கம்பளி கத்தரிப்பு நடந்தது. நாராயணப்பனின் கடாவைக் கட்டிப்போட்டுக் கத்தரித்தால் கம்பளிக்கு அடியில் கொத்துக் கொத்தாக உண்ணி. அதற்குத்தான் அது கல்லில் முதுகைத் தேய்த்திருக்கிறது. திம்மப்பன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தானாம். அப்புறம், "மாதம்மாக்கா ஆட்டுக்கு சொறி இல்லீங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டானாம். சொன்னதற்கு நாராயணப்பனிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டான். இந்தச் செய்தி அருள்மேரி மூலமாக மாதம்மாளுக்கு வந்தது. திம்மப்பன் மேல் இருந்த கோபத்தில் பாதியை அவள் விட்டாள், பாதியை வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நாராயணப்பனே ஓடையைத் தாண்டி வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மாதம்மாள் சாக்கை உதறிப் போட்டாள், மோர் கொடுத்தாள். அவர் மோரைக் குடித்து முடித்துத்தான் பேசினார்.

"தப்பு எங்க பேர்லதாம்மா. ஒரு பொம்பளைப் பிள்ளையை ஓடைக்கு அந்தாண்ட வெரட்டிட்டோம்னு ராத்திரியில எனக்குத் தூக்கம் இல்லை. பட்டியை ஓட்டிக்கினு ஊருக்கு வந்துரு."

மாதம்மாள் சட்டென்று ஓடைப் பக்கம் திரும்பினாள். அவளுடைய வீடு அங்கே கூரையோடு தெரிந்தது. "வந்துரட்டுமா மாமா? இன்னைக்கே வரட்டுமா?"

"வரலாம். ஆனா அம்மா போட்ட உத்தரவை மனுசன் மாத்த முடியாது பாரு. அம்மாவையே மறுபடி கேக்கணும். வர்ற செவ்வாக்கெழமை கடாவைக் கொண்டாந்து நிறுத்து. ஒரே ஒரு சொம்புதான். இந்தத் தரம் நிச்சயமா சிலுப்பும், பாத்தாலே தெரியுதே." அவர் கடாவைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், மனசாரத்தான் கூப்பிட வந்தார். ஆனால் அந்தப் பார்வை கடாவின் முகத்தில் ஆரம்பித்துத் தொடையில் போய்க் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. அவருக்கே அது தெரியாது.

மாதம்மாள் கடாவைத் தன் பக்கம் இழுத்து அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டாள். அது அவள் முந்தானையை மென்றது.

"மூணு சொம்பு ஊத்திக் கேட்டீங்க மாமா. மூணு தரமும் வேணாம்னுட்டா. வேணாம்னு சொன்னவளை நான் மறுபடி போயிக் கேக்க மாட்டேன்."

"என்னம்மா பேச்சு இது? ஒரு கடாவுக்காகவா? அப்ப வீடு?"

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குப் பதினாறு வயசு. சுவரில் அவள் கை படாத இடம் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள், பிறகு பார்க்காமல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அதை முந்தானையில் துடைத்து அவர் முன்னால் சாக்கில் வைத்தாள்.

"கேப்பை மூட்டை ரெண்டு இருக்குது, பானை சட்டியெல்லாம் இருக்குது, நீங்க கதவைத் தொறந்துவெச்சா நானே தலையில கொண்டாந்துருவேன். கேப்பை அரைக்கற திருகைக்கல்லுதான் தூக்க முடியாது. உங்க வண்டி ரோட்டுப் பக்கம் வர்றப்ப அதை மட்டும் ஏத்திவுடுங்க மாமா."

நாராயணப்பன் சாவியை எடுத்துக்கொண்டார். ஓடை வரைக்கும் நடந்து போய்விட்டு, அவள் மனசு மாறியிருக்குமோ என்கிற மாதிரி நின்று திரும்பினார்.

"திருகையில ரெண்டு கல்லுமா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் மாமா" என்றாள் மாதம்மாள். "ஒரு கல்லை வெச்சுக்கினு என்ன அரைக்கறது?"